சூளையும் சூறைக்காற்றும்

பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் ஹாங்காங் அம்மாக்கள் எடுத்துவிடும் வசவு ஒன்று உண்டு: ‘உன்னைப் பெற்றதற்கு ஒரு துண்டு சார் சியூவைப் பெற்றிருக்கலாம்.’ திட்டு என்னவோ திட்டுதான். ஆனால் அதில் அந்தப் பண்டத்துக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு எதிர்த்தட்டில் வைக்க அந்த ஊர்த் தாய்க்குத் தோன்றுவது தங்கமோ வைரமோ இல்லை. நெருப்பில் வாட்டிய பன்றிக்கறி. தின்னவாவது உதவியிருக்குமே என்பது அவள் கணக்கு.

தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தைச் சேர்ந்தது சார் சியூ. தோள்பட்டைக் கறியை நீளப் பட்டைகளாக அரிந்து, இனிப்பும் உப்புமான ஊறலில் போட்டு வைத்து, கொக்கியில் மாட்டி, உருளை வடிவ அடுப்புக்குள் தொங்கவிட்டுச் சுடுவார்கள். ஹாங்காங்கில் இப்படிச் சுட்ட இறைச்சிக்கென்றே சியூ மேய் கடைகள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வாத்தும் கோழியும் தொங்கும் வரிசையில், சிவந்து பளபளத்து, ஓரம் கருத்து நிற்பதுதான் சார் சியூ. அந்த எஃகு அடுப்புக்குத் தொழிலில் ‘விண்வெளி அடுப்பு’ என்று பெயர். குவிமாட மூடியோடு நிற்கும் அதன் வடிவத்தைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. கடலோடிப் போன கான்டனீஸ் மக்களோடு பண்டமும் போனது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு வான்டன் மீ நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் அந்த மெல்லிய வில்லைகளை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை.

கடையில் நின்று கேட்பவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ‘புன் ஃபேய் சாவ்’, அதாவது பாதி கொழுப்பு, பாதி கறி. மற்றது, நுனி கருகிய துண்டு. இந்த இரண்டையும் வீட்டில் கொண்டுவருவதுதான் பிரச்சினையே. ஹாங்காங்கின் தீப்பெட்டி அடுக்ககங்களில் பெரிய ஓவனுக்கு இடம் கிடையாது. மேசை மூலையில் அடங்கிவிடும் ஏர் ஃப்ரையருக்கு இருக்கிறது. ஆகவே அங்கும், உலகெங்கும் பல சமையலறைகளிலும், சார் சியூவை இந்தப் பெட்டிக்குள் செய்து பார்க்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் தேடுவது ஊறலின் ரகசியத்தை. எந்த சாஸ், எத்தனை கரண்டி, எந்த மசாலா என்று. என்னைக் கேட்டால் அது தப்பான கதவு. கடைச் சரக்குக்கும் வீட்டுச் சரக்குக்கும் உள்ள தூரத்தில் பெரும்பகுதி வெப்பம் கறிக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் கறிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் தசைநாரிலுள்ள மயோசின் என்ற புரதம் உருக்குலைந்து கெட்டிப்படத் தொடங்கும். பச்சைக்கறியின் வழவழப்பு போய்ப் பல்லுக்குப் பிடி கிடைக்கும். 65, 70 டிகிரிக்குப் போனால் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் முறை. அது குலையும்போது நார்கள் இறுகி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். நார்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாறினால் கறி பஞ்சாகும். ஆனால் அதற்கு 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். சார் சியூவுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால்தான் கான்டனீஸ் சமையல்காரர் கொலாஜனை நம்பாமல் கொழுப்பை நம்புகிறார். பன்றியின் கழுத்தும் தோளும் சேரும் இடத்திலுள்ள ‘முய் தாவ்’ என்ற துண்டில் கொழுப்பு கறிக்கு வெளியே தனிப் படலமாக நிற்காமல் உள்ளே வரிவரியாக ஓடும். நார் இறுகிச் சாறு வெளியேறினாலும், மெல்லும்போது அந்தக் கொழுப்பு வாயில் ஈரத்தை ஈடுகட்டிவிடும். தொடைக்கறியில் சார் சியூ செய்துவிட்டு ஏர் ஃப்ரையரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எவ்வளவு வெந்தால் போதும்? அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கான உள்வெப்ப அளவை 71 டிகிரியிலிருந்து 63-க்கு இறக்கியது. அடுப்பிலிருந்து எடுத்தபின் 3 நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது நிபந்தனை. ட்ரைக்கினெல்லா புழுவும் நாடாப்புழுவின் இளம்பருவமும் அந்த வெப்பத்தில் பிழைக்காது. நாடாப்புழு என்றதும் மூளைக்குப் புழு ஏறிவிடும் என்ற பயம் பலருக்கு வரும். வேகாத கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளையைத் தாக்கும் நோய், அந்தப் புழு உள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கை, அசுத்தமான நீர், பச்சைக் காய்கறி வழியாக அடுத்தவர் வயிற்றுக்குள் போவதால் வருவது. கறியே தொடாதவருக்கும் அது வரலாம். பாதுகாப்புக்கு 63 போதும். தோள்பட்டைத் துண்டு நன்றாக இருப்பது 70-ஐ ஒட்டி. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணி பார்த்துச் சமைப்பதைவிட அது நம்பகமானது.

வெளிப்புறத்துக்கு வேண்டியது முற்றிலும் வேறு. 1912-ல் லூயி கமீல் மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிறப் பொருள்கள் உண்டாவதைப் பதிவு செய்தார். அவருடைய அக்கறை உடலின் புரதங்களைப் பற்றியது. சமையல் அவர் ஆராய்ச்சியில் இல்லை. 1953-ல் ஜான் ஹாட்ஜ் என்ற அமெரிக்க வேதியியலாளர்தான் அந்த வினைகளின் சங்கிலியைப் படம் போட்டு ஒழுங்குபடுத்தினார். வறுத்த காப்பிக்கொட்டை, ரொட்டியின் மேலோடு, சுட்ட கறி எல்லாவற்றின் மணமும் இந்த மேயார் வினையின் பிள்ளைகள். அது சுறுசுறுப்பாக நடக்க மேற்பரப்பு 140 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும்.

குறுக்கே நிற்பது தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கிறவரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. உள்ளே வரும் வெப்பத்தையெல்லாம் ஆவியாகும் நீர் வாங்கிக்கொண்டு போய்விடும். ஒரு கிராம் நீரை 0-விலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் செலவாகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், அதே கிராமை ஆவியாக்க. அந்த வரியைக் கட்டி முடித்தபிறகுதான் பழுப்பேறத் தொடங்கும். அதற்குள் உட்புறம் வறண்டுவிடக் கூடாது. உள்ளே 70, வெளியே 140-க்கு மேல். இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தாக வேண்டும்.

ஏர் ஃப்ரையரின் பலம் இங்கேதான் தெரியும். அது பொரிக்கும் கருவி அல்ல. சுடுகாற்று வீசும் சின்ன ஓவன். மேலே மின்சுருள், அதையொட்டி விசிறி, கீழே துளையிட்ட கூடை. தத்துவமும் பழையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வில்லியம் மாக்ஸன் என்ற அமெரிக்கர், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க விசிறி வைத்த ‘சுழற்காற்று ஓவன்’ ஒன்றைச் செய்தார். நெதர்லாந்துக்காரரான ஃப்ரெட் வான் டெர் வெய் அதே தத்துவத்தைச் சமையல் மேசைக்குச் சுருக்கினார். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010-ல் பெர்லின் கண்காட்சியில் அதை ஏர் ஃப்ரையர் என்று அறிமுகப்படுத்தியது.

விசிறி என்ன செய்கிறது? எந்தப் பொருளின் மேலும் நகராத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று மோசமான வெப்பக்கடத்தி என்பதால் அந்தப் படலம் கறிக்குப் போர்வையாகிவிடும். அசையாத காற்றில், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 வாட் வரைதான் வெப்பம் உள்ளே போகும். விசிறி சுழன்றால் படலம் மெலிந்து அந்த எண் சில பத்துகளாக உயரும். வெப்பம் உள்ளே போகும் வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஈரம் வெளியே போகும் வேகம். ஆடிக்காற்றில் மொட்டைமாடித் துணி காய்வதைப்போல, மேற்பரப்பை ஒட்டி நிற்கும் ஈரக்காற்று அடுத்தடுத்துத் துடைக்கப்படுகிறது. பெட்டி சிறியது, அதனால் காற்றின் வேகமும் நன்றாக உறைக்கும். மேற்பரப்பை உலர்த்துவதில் சாதாரண வீட்டு ஓவன் இதன் அருகே வர முடியாது.

ஆனால் கடைகளில் கரி மூட்டிச் சுடும் அடுப்பு காற்றை மட்டும் நம்பியிருப்பதில்லை. கனன்று சிவந்த பொருள் கதிர்வீச்சாகவும் வெப்பத்தை வீசுகிறது. ஸ்டெஃபான், போல்ட்ஸ்மான் இருவர் பெயரிலும் உள்ள விதிப்படி அந்த வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படியாக ஏறும். 200 டிகிரியில் இருக்கும் ஓவன் சுவர் 473 கெல்வின். 800 டிகிரியில் கனலும் கரி 1073 கெல்வின். வெப்பநிலை இரண்டேகால் மடங்குதான். நான்காம் படிக்கு ஏற்றினால் ஒரே பரப்பளவுக்கு 26 மடங்கு. கருகிய நுனியின் ரகசியம் இதுதான். கதிர்வீச்சு காற்றுப் படலத்தை மதிக்காமல் நேரே பாயும். பட்டையின் மெலிந்த ஓரங்கள் எடை குறைவு, பரப்பு அதிகம். உள்ளே வெப்பத்தைக் கடத்தி இறக்க அவற்றின் பின்னால் கறியும் இல்லை. நடுப்பகுதி மினுமினுத்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் கருக்கிவிடும். ஏர் ஃப்ரையரில் காற்று 200 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பழுப்பேறும். அந்தச் சீர்மைதான் இங்கே குறை.

தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் நடுவுக்குப் போய்ச்சேரும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 சென்டிமீட்டர் பட்டைக்கு 20, 25 நிமிடம் என்றால் 8 சென்டிமீட்டர் கட்டிக்கு நான்கு மடங்கு. அதற்குள் வெளிப்புறம் கரியாகிவிடும். ஆகவே 3, 4 சென்டிமீட்டர் தடிமன், கூடையின் நீளத்துக்கு ஏற்ற நீளம். பட்டைகள் ஒன்றையொன்று தொட்டால் தொட்ட இடத்தில் காற்று புகாது. அங்கே கறி ஆவியில் வெந்து வெளுத்துக் கிடக்கும்.

இனி ஊறல். ஒரு கிலோ கறிக்கு ஹாய்சின் சாஸ் 3 மேசைக்கரண்டி, லைட் சோயா சாஸ் 2, ஷாவோசிங் ஒயின் 2, சர்க்கரை 3, ஐந்து மசாலாப் பொடி அரைத் தேக்கரண்டி, இடித்த பூண்டு, வெள்ளை மிளகு, நாம் யூ எனப்படும் சிவப்புப் புளித்த தோஃபுவில் ஒரு கட்டியும் அதன் சாறும். இதில் கறிக்குள் உண்மையில் இறங்குவது உப்பு மட்டும்தான் என்று சொன்னால் பெரிதாகத் தவறில்லை. அதுவும் ஓர் இரவு முழுக்க ஊறினால் சில மில்லிமீட்டர். கறிக்குள் வெப்பம் பரவும் வேகத்தில் உப்புக்குச் சில நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஐந்து மசாலாப் பொடியிலுள்ள அன்னாசிப்பூவும் சோம்பும் தரும் அனெத்தோல் மணமும், கிராம்பும் இலவங்கப்பட்டையும் மேல்தோலிலேயே நின்றுவிடும். நிற்கட்டும், பட்டையாக அரிந்தபின் ஒவ்வொரு வில்லையிலும் நான்கு பக்கமும் தோல் இருக்கிறதே. உப்பு இறங்கிய இடத்தில் மயோசின் கொஞ்சம் கரைந்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ராத்திரி ஊறவைப்பதன் பலன் பெரும்பாலும் இந்தச் சாறு காக்கும் வேலைதான்.

நாம் யூவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கட்டியைக் கரண்டி முதுகால் மசித்தால் வெண்ணெய் மாதிரி இளகி, செம்மண் குழம்பின் நிறத்தில் விழுதாகும். புளித்த பாலாடையும் கள்ளும் கலந்தாற்போல ஒரு வாடை. அந்தச் சிவப்பு, மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை வளர்ந்த அரிசியிலிருந்து வருவது. பூஞ்சை முதலில் உண்டாக்குவது ஆரஞ்சு நிறமிகளை. அவை புரதப் பொருள்களின் அமினோ தொகுதிகளோடு சேரும்போது சிவப்பாக மாறுகின்றன. 1637-ல் சோங் யிங்ஷிங் எழுதிய ‘தியான்கோங் கைவு’ என்ற தொழில்நுட்ப நூலிலேயே இந்தச் சிவப்பரிசியைச் செய்யும் விதம் வருகிறது. கோடையில் மீன், கறி கெடாமலிருக்க மெலிதாகப் பூசலாம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதே பூஞ்சைக் குடும்பத்தில் ஒன்றிலிருந்து 1979-ல் ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ, மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். உடல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது தடுக்கும். அமெரிக்காவில் 1987-ல் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் அதே மூலக்கூறுதான். கொழுப்பு வரியோடும் கறிக்குக் கொலஸ்ட்ரால் மருந்தின் உறவுக்காரன் சாயம் போடுகிறான்! இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; ஒரு கட்டி நாம் யூ மருந்தாகாது. இன்று பல கடைகளில் சிவப்பு புட்டிச் சாயத்திலிருந்தே வருகிறது. பூஞ்சைச் சிவப்பு கொஞ்சம் மங்கல், பழுப்பு ஓடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இந்தச் சமையலில் தகராறு செய்வது சர்க்கரை. சாதாரண வெள்ளைச் சர்க்கரை மேயார் வினையில் நேரடியாகச் சேராது. உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரிந்தபின்தான் சேரும். தேனில் இவை ஏற்கெனவே பிரிந்தே இருக்கின்றன, ஃப்ரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம் என்ற அளவில். ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே கருகலின் முதல் படிக்கு வந்துவிடும். ஆகவே தேன் பூசிய கறியை 200 டிகிரிச் சூறைக்காற்றில் 25 நிமிடம் விட்டால் வெளியே கசப்பு, உள்ளே அரைவேக்காடு.

சியூ மேய் கடைக்காரர்கள் தேனைவிட மால்டோஸ் பாகை விரும்புவதன் காரணங்கள் இங்கே வெளிப்படும். முளைகட்டிய தானியத்தின் நொதியைக் கொண்டு அரிசி மாவுச்சத்தை உடைத்து எடுப்பது அது. டப்பாவில் கரண்டியைக் குத்தினால் கரண்டியோடு டப்பாவே மேலே வரும், அவ்வளவு கெட்டி. வெந்நீரில் நனைத்த கரண்டியால் எடுத்தால் கண்ணாடி இழையாக நீண்டுகொண்டே போகும். வெள்ளைச் சர்க்கரையின் இனிப்பில் பாதிக்கு மேல் இருக்காது. மேயார் வினையில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸைவிட நிதானமாகச் சிவக்கும். ஆறியபின் காற்றிலுள்ள ஈரத்தை ஃப்ரக்டோஸ் அளவுக்கு உறிஞ்சாது. தேன் பூசிய கறி ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்து மங்கும்போது மால்டோஸ் பூசியது மினுங்கிக்கொண்டே இருக்கும். கிடைக்காத ஊரில் தேனில் கொஞ்சம் குளுக்கோஸ் சிரப் கலந்து சமாளிக்கலாம். அதே மினுமினுப்பு வராது.

செய்முறை இந்தக் காரணங்களிலிருந்தே பிறந்துவிடும். ஊறிய கறியின் மேலுள்ள ஊறலை நன்றாக வழித்துவிட வேண்டும். அதிலுள்ள சர்க்கரைதான் முதலில் கருகும். கூடைக்கு அடியிலுள்ள தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், கருவியின் கையேடு தடுக்காவிட்டால். சொட்டும் கொழுப்பு நீரில் விழுந்து 100 டிகிரிக்குக் கீழேயே கிடக்கும், புகையாது. 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு. வழித்தெடுத்த ஊறலை இதற்குள் தனியாகக் கொதிக்கவிடுங்கள். பச்சைக்கறி கிடந்த திரவம் அது. சால்மொனெல்லா, யெர்சினியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். கொதிக்காமல் அதைப் பூச்சாகத் தொடக் கூடாது. கொதித்ததில் இரண்டு கரண்டி மால்டோஸைக் கரைத்தால் பூச்சு தயார்.

கறியின் நடு 60 டிகிரியைத் தொட்டதும் பூச்சைத் தடவி, வெப்பத்தை 200-க்கு ஏற்றி 3 நிமிடம்; புரட்டி மறுபக்கம் தடவி இன்னொரு 3 நிமிடம். இந்த இடத்தில் ஒரு சின்ன உபாயம். பல ஏர் ஃப்ரையர்களோடு வரும் உயர்ந்த கம்பித் தட்டை யாரும் தொடுவதேயில்லை. கடைசிச் சுற்றில் கறியை அதன்மேல் வையுங்கள். சிவந்த மின்சுருளுக்கு அது பக்கத்தில் போகிறது. காற்றோடு கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும்; ஓரங்கள் ஒரு நிமிடத்திலேயே குமிழிட்டுக் கருக்கத் தொடங்கும். கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்புக்கும் கசப்புக்கும் நடுவே கிடைக்கிற அவகாசம் நிமிடக்கணக்கு அல்ல. மால்டோஸ் கூடையில் ஒட்டி இறுகிவிட்டால் சுரண்டாதீர்கள். அது சர்க்கரைதான், வெந்நீரில் ஊறினால் தானாகக் கரையும்.

கடையின் அடுப்பில் கறி தொங்குவதால் கொழுப்பு பட்டையின் மேலிருந்து கீழாக வழிந்து தன்னைத்தானே நனைத்துக்கொள்ளும். கிடக்கையாக வைத்த கறியில் அது கிடைக்காது, கரிப்புகை மணமும் கிடைக்காது. எடுத்தபின் 10 நிமிடம் ஆறவிட்டு, இன்னொரு பூச்சு தடவி, நாருக்குக் குறுக்காக அரிந்தால் இழப்பில் பாதி தெரியாது. நீள நார்கள் கத்தியால் துண்டாகிவிடுவதால் கொலாஜன் உருகாத குறையைப் பல் உணராது. சுடுசோறு, அதன்மேல் வில்லைகள், ஓரம் மொறுமொறுக்கப் பொரித்த முட்டை ஒன்று. ஸ்டீஃபன் சோவின் 1996 திரைப்படமான ‘காட் ஆஃப் குக்கரி’யில் சமையல் போட்டி நடுவர் கண்ணீர் விடும் தட்டு இதுதான்.

மிச்சமானதை மறுநாள் அப்படியே சூடாக்கித் தின்னாதீர்கள். வெந்த கறியில் மயோகுளோபின் உடைந்து வெளிவரும் இரும்பு, குளிர்பெட்டிக்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனோடு சேரத் தூண்டிவிடும். மறுசூட்டில் அட்டை வாடை அடிப்பது அதனால். பொடியாக நறுக்கி, பூண்டும் சோயா சாஸும் சேர்த்து முட்டைச் சோற்றில் புரட்டுங்கள், அல்லது கெட்டிக் குழம்பாக்கி பாவ் மாவுக்குள் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். கான்டனீஸ் கடைகளிலும் சார் சியூ பாவுக்குள் போவது பெரும்பாலும் ஓரத் துண்டுகளும் மிச்சங்களும்தான்.